கன்றுகளின் மலக்கட்டு: ஒரு சொல்லும் பல நோய்நிலைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பிறந்து சில நாள்களோ சில வாரங்களோ ஆன கன்று சாணமிடாமல் வயிறு புடைத்து நிற்பதைக் கால்நடை வளர்ப்போர் பொதுவாக ‘மலக்கட்டு’ என்று குறிக்கின்றனர். இச்சொல் ஒரு நோயின் பெயரன்று. வெவ்வேறு காரணங்களால் வெவ்வேறு இடங்களில் தோன்றும் அடைப்புகளின் பொது அறிகுறி. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே எனக் கொள்ளும் போக்கு கன்றின் உயிருக்கு இடராகிறது. இளங்கன்றின் செரிமான அமைப்பு, அடைப்பின் வகைகள், அவற்றை இனங்காணும் முறை, மருத்துவம், தடுப்பு ஆகியவற்றைத் தமிழகச் சிறுபண்ணைச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கன்று, மலக்கட்டு, சீம்பால், நான்காம் வயிறு, குடல் செருகல், உருண்டைப்புழு, புகட்டல்.

முன்னுரை

தமிழகத்தில் கறவை மாடு வளர்ப்போருள் பலர் ஒன்றிரண்டு மாடுகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உழவர்கள். அவர்களுக்கு ஒரு கிடாரிக் கன்று என்பது சில ஆண்டுகளில் கறவைக்கு வரவிருக்கும் மாடு. கன்றை இழந்தபின் பால் சுரக்க மறுக்கும் பசுக்களும் எருமைகளும் உண்டு. ஆகவே, ஒரு கன்றின் இறப்பு எதிர்கால வருவாயோடு அன்றாட வருவாயையும் குலைத்துவிடும்.

கன்றுகளைத் தாக்கும் கழிச்சல் நோய் பற்றிய அறிவு சிற்றூர்கள்வரை ஓரளவு பரவியுள்ளது. அதற்கு எதிர்நிலையான அடைப்பு நோய்க்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. கழிச்சல் கண்ணுக்குத் தெரிகிறது; சாணமிடாமை தெரிவதில்லை. கொட்டிலில் பிற மாடுகளோடு கட்டப்பட்ட கன்று நேற்றுச் சாணமிட்டதா என்பதை வேண்டுமென்றே நோக்கினாலன்றி அறிய இயலாது. அறிந்தபின்னும் ‘மலக்கட்டுதான், எண்ணெய் புகட்டினால் இளகிவிடும்’ என்ற எண்ணத்தில் ஓரிரு நாள்கள் கழிந்துவிடுகின்றன. அந்த ஓரிரு நாள்களே சில வகை அடைப்புகளில் உயிரைக் காக்கக்கூடிய கால எல்லை.

மாட்டு வாகடம் என்னும் நூல்வகையைப் பேணிவந்த மொழி தமிழ். கால்நடை நோய்களைப் பெயரிட்டுப் பகுத்தறியும் மரபு நமக்குப் புதிதன்று. அப்பகுப்பு முறையை மலக்கட்டு என்னும் ஒரு சொல்லின்மேல் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இளங்கன்றின் வயிறு

அசைபோடும் விலங்குகளுக்கு வயிறு நான்கு அறைகளாக அமைந்திருக்கிறது. எனினும் பிறந்த கன்று, செயலளவில் ஒற்றை வயிற்று விலங்கே. பிறக்கும்போது நான்கு அறைகளின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 60 விழுக்காடு நான்காம் வயிற்றுக்கு உரியது. அசையூண் வயிற்றின் பங்கு ஏறத்தாழ 25 விழுக்காடு. வளர்ந்த மாட்டில் இந்நிலை தலைகீழாகி, அசையூண் வயிறு மட்டும் ஏறத்தாழ 80 விழுக்காடாக விரிந்துவிடுகிறது.

கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள பள்ளம் ஒன்று இருபுற மடிப்புகளும் கூடிக் குழல்போல் மூடிக்கொள்கிறது. அதனால் பால் அசையூண் வயிற்றில் விழாமல் நேரே நான்காம் வயிற்றை அடைகிறது. அங்குச் சுரக்கும் நொதி பாலைச் சில நிமிடங்களில் உறையச் செய்கிறது. உறைந்த பால் மெல்லக் கரைந்து சிறுகுடலுக்குச் செல்லும்.

பள்ளத்தை மூடச் செய்வது உறிஞ்சும் செயலும் அதைச் சார்ந்த நரம்புத் தூண்டலுமே. வாயில் வலிந்து ஊற்றப்படும் நீர்மத்துக்கு இவ்வழி உறுதியாகத் திறப்பதில்லை. அதில் ஒரு பகுதி அசையூண் வயிற்றில் விழுந்து தேங்கும். எண்ணெய் புகட்டுவது பற்றிப் பின்னர் கூறப்படுவதற்கு இச்செய்தி அடிப்படையாகும்.

2. அடைப்பின் வகைகள்

2.1 முதல் மலம் தங்குதல்

கருவிலிருக்கும்போதே குடலில் சேர்ந்த, பசைத்தன்மையுள்ள கரும்பழுப்பு மலத்தைக் கன்று பொதுவாகப் பிறந்த முதல் நாளிலேயே கழித்துவிடும். சீம்பாலுக்குரிய இளக்கும் தன்மை இதற்குத் துணைசெய்கிறது. நஞ்சுக்கொடி விழுந்த பின்னரே சீம்பால் கறக்கவேண்டும் என்னும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை கன்று பட்டினி கிடக்கிறது. நோயெதிர்ப்புப் புரதங்களைக் குடல் உறிஞ்சும் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே, சீம்பாலைத் தாமதிப்பதால் எதிர்ப்பாற்றல் குறைகிறது; முதல் மலமும் தங்க நேர்கிறது.

இவ்வகையில் கன்று வாலைத் தூக்கி அடிக்கடி முக்கும். ஆயினும் தொடக்கத்தில் பால்குடிப்பதை விடாது. ஆசனவாய் திறந்திருப்பதை உறுதிசெய்தபின், இளஞ்சூடான சோப்பு நீரை வழவழப்பூட்டிய மென்மையான குழாய் வழியே மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலும் மலம் வெளியேறிவிடும். குழாயை அழுத்தி நுழைப்பதும் நீரை விசையுடன் பாய்ச்சுவதும் மலக்குடலைக் கிழித்துவிடலாம். மலக்கட்டு என்னும் சொல் முழுமையாகப் பொருந்துவது இந்நிலைக்கே.

2.2 பிறவியிலேயே வழி இல்லாமை

சில கன்றுகளுக்கு ஆசனவாய் திறவாமலோ, மலக்குடலோ பெருங்குடலோ ஓரிடத்தில் தொடர்ச்சி அற்றோ பிறவி அமைகிறது. ஆசனவாய் மட்டும் தோலால் மூடியிருப்பின், கன்று முக்கும்போது வாலின் கீழ்த் தோல் புடைக்கும். கிடாரிக் கன்றில் சில வேளை மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை அமைந்து, சாணம் அவ்வழியே கசிவதும் உண்டு.

பெருங்குடல் துண்டுபட்டிருக்கும் நிலை இதனினும் ஏமாற்றக்கூடியது. வெளித்தோற்றத்தில் ஆசனவாய் குறையின்றி இருக்கும். கன்று முதல் நாள் நன்றாகப் பால் குடிக்கும். இரண்டாம், மூன்றாம் நாள்களில் வயிறு இருபுறமும் பெருத்துச் சோர்வு கூடும். ஆசனவாயில் சாணத்துக்கு மாறாகச் சிறிது வெண்ணிறச் சளி மட்டும் வரும். சாணத்தின் நிறமே இல்லாத இச்சளி முதன்மையான அடையாளம். இக்குறை ஓல்ஸ்டீன் பிரீசியன் இனத்தில் மிகுதியாகப் பதிவாகியுள்ளது. சினையின் ஆறு வார அளவில் பனிக்குடத்தை அழுத்திச் சோதிப்பதோடு இதற்குத் தொடர்பு காணும் ஆய்வுகள் உள்ளன. மரபுவழிக் காரணமும் விவாதிக்கப்படுகிறது.

இவற்றுக்கு அறுவை மருத்துவம் ஒன்றே வழி. ஆசனவாய்த் தோலை மரப்பூசியிட்டுத் திறந்து, மலக்குடலின் உட்படலத்தைத் தோலோடு தைப்பது ஓரளவு எளிய அறுவை. பெருங்குடல் குறைக்கு வயிற்றைத் திறக்கவேண்டும், பிழைப்பு உறுதியில்லை. பிழைத்த கன்றையும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாதிருப்பதே முறை. வழியே இல்லாத குடலுக்கு எண்ணெயும் பேதிமருந்தும் கொடுப்பது வீக்கத்தையும் வலியையும் கூட்டுமேயன்றி வேறு பயன் தராது.

2.3 வயிற்றறைகளில் தேக்கம்

சில வாரங்கள் ஆன கன்றுகள் ஒன்றையொன்று நக்குவதும், மண், கட்டுக்கயிற்றின் நார், சாக்கு, பிளாஸ்டிக் பை ஆகியவற்றை மெல்லுவதும் பண்ணைகளில் காணப்படுகின்றன. தாது உப்புக் குறைபாடு, நார்த்தீவனமின்மை, பால் போதாமை, பேன், உண்ணி, சொறி ஆகியவற்றால் ஏற்படும் அரிப்பு ஆகியன இதற்குத் தூண்டுதல். விழுங்கிய மயிர் நான்காம் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, அதன் வெளிவாயை அடைக்கலாம். மண் கீழே படிந்து தேங்கும். மயிர் செரிக்காது, எண்ணெயில் கரையாது. முற்றும் அடைத்த உருண்டையை அறுவையால்தான் நீக்கமுடியும். படிந்த மண்ணைத் தொடக்க நிலையில் லிக்விட் பாரஃபின் போன்ற வழவழப்பூட்டிகளாலும் நீரேற்றத்தாலும் நகர்த்த முயலலாம்.

அடைப்பைப் போலவே தோன்றும் மற்றொரு நிலை, பால் வழிதவறி அசையூண் வயிற்றில் விழுந்து புளிப்பது. தாயிடம் ஊட்டாமல் வாளியில் அவசரமாகப் பால் வைக்கப்படும் கன்றுகளிலும், வலிந்து ஊட்டப்படும் நோயுற்ற கன்றுகளிலும் இது நேர்கிறது. இடப்புற வயிறு உப்பும், சாணம் களிமண்போல் ஒட்டும், மயிர் பொலிவிழக்கும். குழாய் செலுத்திப் புளித்த பாலை வெளியேற்றுவதும், விரலையோ பால்காம்புப் புட்டியையோ சப்பச் செய்து பள்ளத்தை மீண்டும் மூடப் பழக்குவதும் இதற்குரிய மருத்துவம்.

2.4 உருண்டைப்புழுத் திரள்

எருமைக் கன்றுகளை மிகுதியாகவும் பசுக் கன்றுகளை ஓரளவும் தாக்கும் டாக்சோகாரா விட்டுலோரம் என்னும் உருண்டைப்புழு, முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்வரை நீளும். இதன் இளம்புழுக்கள் தாயின் திசுக்களில் செயலற்றுத் தங்கியிருந்து, ஈற்றுக் காலத்தில் விழித்துச் சீம்பால், பால் வழியே கன்றை அடைகின்றன. எனவே கொட்டில் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் கன்றுக்குத் தொற்று ஏற்படலாம். மூன்று வார அளவில் புழுக்கள் முட்டையிடத் தொடங்கும். தொற்று மிகும்போது சிறுகுடலில் கயிற்றுத் திரள்போல் பின்னிக்கொண்டு குடலை அடைக்கின்றன. சில வேளை துளைத்தும்விடுகின்றன. உப்பிய வயிறு, மெலிந்த முதுகு, சேற்றுநிறச் சாணம், மூச்சில் வெண்ணெய் கெட்டது போன்ற வாடை ஆகியன இதன் அறிகுறிகள்.

பைப்பரசின், பைரன்டெல் ஆகிய மருந்துகள் புழுவைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுகின்றன. ஆனால் முற்றிய தொற்றில் ஒரே வேளையில் செயலிழந்த புழுத்திரளே குடலை அடைக்கவும் கூடும். எனவே புழு வளர்ந்து பெருகுமுன் மருந்திடுவதே அறிவுடைமை. இலங்கையில் எருமைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், பிறந்து 10 முதல் 16 நாள்களுக்குள் ஒருமுறை பைரன்டெல் கொடுப்பது பயன்தருவதைக் காட்டின. பால்வழித் தொற்று அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுவதும், புழு இன்னும் முட்டையிடத் தொடங்காமையும் இக்கால அளவுக்குக் காரணங்கள்.

2.5 குடல் செருகலும் முறுக்கமும்

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கிக் குழல்போல் நுழைந்து சிக்கிக்கொள்வது குடல் செருகல். குடல் தன் தாங்குசவ்வைச் சுற்றித் திருகிக்கொள்வது முறுக்கம். செருகல் இளங்கன்றுகளில், குறிப்பாக முதல் இரண்டு மாதங்களில், மிகுதி. கழிச்சல், புழுத்தொற்று முதலியவற்றால் குடலசைவு ஒழுங்கற்றுப்போவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

கன்று திடீரெனத் துடிக்கும், வயிற்றை உதைக்கும், படுத்துப் படுத்து எழும். சில மணி நேரத்தில் துடிப்பு அடங்கிவிடும். இவ்வடக்கத்தை நலமடைதல் எனக் கொள்வது தவறு. குருதியோட்டம் இழந்த குடல் உணர்வற்றுப்போவதாலும் கன்று சோர்ந்துவிடுவதாலும் வலி மறைவதுபோல் தோன்றுகிறது. அதன்பின் சாணம் நின்று, கருஞ்சிவப்பான குருதி கலந்த சளி சிறிதளவு வரும். இந்நிலையில் அறுவை மருத்துவமன்றி மாற்றில்லை. வலப்பக்க விலாவைத் திறந்து, பழுதுற்ற குடற்பகுதியை நீக்கி முனைகளை இணைக்கவேண்டும். செருகலில் சில நாள்கள் அவகாசம் கிட்டலாம். முழுக் குடலும் முறுக்குண்டால் சில மணி நேரமே கிட்டும்.

3. இனங்காணும் முறை

மேற்கண்ட நிலைகளை ஆய்வுக்கூட வசதியின்றியே பெருமளவு பிரித்தறியலாம். அதற்கு நான்கு வினாக்கள் உதவும்.

முதலாவது, வயது. முதல் மூன்று நாள்களெனில் முதல் மலம் தங்குதலும் பிறவிக் குறையும் முன்னிற்கும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட கன்றெனில் புழு, செருகல், மயிருருண்டை ஆகியவற்றை எண்ணவேண்டும்.

இரண்டாவது, ஆசனவாயில் வருவது எது. பிறந்தது முதல் சாணமே காணாமை, வெண்சளி, குருதிச் சளி, களிமண் போன்ற சாணம் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. பிறந்த நாளிலேயே வழவழப்பூட்டிய வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது இருவகையில் பயன்தரும். உடல் வெப்பம் தெரியும். வழி திறந்திருப்பதும் தெரியும். அதற்கும் மேலுள்ள குடல் குறைகளை இச்சோதனை காட்டாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, வயிற்றின் வடிவம். பின்னால் நின்று நோக்கும்போது இடப்புற மேற்பகுதி புடைத்திருப்பின் அசையூண் வயிற்று உப்புசம்; வலப்புறக் கீழ்ப்பகுதியெனில் பெரும்பாலும் நான்காம் வயிறு; இருபுறமும் சமமாகப் பெருத்திருப்பின் பெரும்பாலும் குடல். மருத்துவர் கேட்புக்கருவியை வைத்து விரலாற் சுண்டிக் கேட்கும்போது எழும் கணீரென்ற ஒலி, வளி தேங்கிய இடத்தைக் காட்டும். மீயொலிச் சோதனை கிட்டுமெனில் ஐயம் மேலும் குறையும்.

நான்காவது, வலி. உதைத்தலும் முக்குதலும் எப்போது தொடங்கின, எப்போது அடங்கின என்பதை மணிக்கணக்கில் கூறத்தெரிந்த உழவர் மருத்துவரின் பணியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்.

4. நீர்ச்சத்தும் உப்பும்

அடைப்புள்ள கன்று அடைப்பால் மட்டுமன்றி நீரிழப்பாலும் குருதியின் உப்புச் சமநிலை குலைவதாலும் இறக்கிறது. எனவே அறுவைக்கு முன்பே நரம்புவழி நீரேற்றம் தொடங்கவேண்டும். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்று தன் எடையில் 8 விழுக்காடு நீரை இழந்தால் கண்கள் குழிந்து, இழுத்துவிட்ட தோல் உடனே மீளாது. அவ்விழப்பை ஈடுசெய்யவே 2 லிட்டர் தேவை. அன்றாடத் தேவை அதற்கு மேல்.

கழிச்சலுக்கும் அடைப்புக்கும் உள்ள வேதியியல் வேறுபாடு இங்கு முதன்மை பெறுகிறது. கழிச்சலில் கன்று பைகார்பனேட் உப்பை இழப்பதால் குருதி அமிலத்தன்மை நோக்கிச் சாய்கிறது. ஆகவே சோடா உப்பு கலந்த கரைசல் பொருந்தும். நான்காம் வயிற்றின் வெளிவாயிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ அடைப்பு ஏற்படும்போது, வயிற்றில் சுரந்த அமிலம் குடலை அடைந்து மீளவும் உறிஞ்சப்படுவது தடைப்படுகிறது. குளோரைடு வயிற்றிலேயே தேங்க, குருதி காரத்தன்மை அடைகிறது, பொட்டாசியமும் குறைகிறது. இந்நிலையில் சோடா உப்புக் கொடுப்பது கேட்டை மிகுவிக்கும். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலும், மருத்துவர் மதிப்பீட்டின்படி பொட்டாசியமும் குளுக்கோசும் தேவைப்படும். குடல் அழுகத் தொடங்கிய பின்னரோ இச்சமநிலை மீண்டும் அமிலத்தின் பக்கம் மாறலாம். ஆதலால் கழிச்சலுக்கு வாங்கிவைத்த பொடியை அடைப்புக்கும் கரைத்து ஊற்றுவது முறையன்று.

வலிநீக்க மருந்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பாறு கழுகுகளின் அழிவுக்குக் காரணமான டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006இல் தடைசெய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023இல் அப்பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றதென ஆய்வுகள் நிறுவியுள்ளன.

5. எண்ணெய் புகட்டல்: ஒரு மதிப்பீடு

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றை மூங்கிற் குழலிலோ புட்டியிலோ ஊற்றிப் புகட்டுவது நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தை முற்றும் அறியாமை என ஒதுக்குவது பொருந்தாது. வளர்ந்த மாட்டில் உலர்ந்த தீவனம் தேங்கும்போதும், சிலவகை உப்புசத்திலும் எண்ணெய்க்கு இடமுண்டு. வளர்ந்த மாட்டுக்குரிய அவ்வறிவை இளங்கன்றுக்கு மாற்றிப் பொருத்துவதிலேயே பிழை நேர்கிறது.

அப்பிழை மூவகையில் தீங்காகிறது. ஒன்று, தலையை உயர்த்திப் பிடித்து ஊற்றும்போது எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். சோர்ந்த கன்றுக்கு விழுங்கும் ஆற்றல் குறைவாதலின் இவ்விடர் பெரிது. இரண்டு, விழுங்கிய எண்ணெயிலும் ஒரு பகுதி அசையூண் வயிற்றில் தேங்கிவிடுவதால் குடலின் அடைப்பை அடைவது உறுதியன்று. மூன்று, செருகலிலும் பிறவிக் குறையிலும் பேதித்தன்மையுள்ள விளக்கெண்ணெய் குடலசைவைத் தூண்டி, வழியற்ற இடத்தில் அழுத்தத்தைக் கூட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இரண்டு நாள் வயதுடைய கன்று சாணமிடவில்லை. முதல் மலமே தங்கியிருப்பின் வெந்நீர்க் குழாயே போதும், எண்ணெய் தேவையில்லை. பெருங்குடல் துண்டுபட்டிருப்பின் எண்ணெயால் பயனில்லை. மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டிய நேரம் வீணாகிறது. ஆக, இவ்விரு நிலைகளிலும் எண்ணெய் உரிய மருந்தாகவில்லை.

6. தடுப்பு

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் 12 மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குச் சீம்பாலும் கன்றின் வயிற்றில் சேரவேண்டும். நஞ்சுக்கொடிக்காகக் காத்திருத்தல் கூடாது. முதல் சாணம் கண்ட நேரத்தைக் குறித்துவைத்தல் நன்று. 24 மணி நேரம் கடந்தும் காணாவிடில் மருத்துவரை நாடவேண்டும். எருமைக் கன்றுகளுக்கு இரண்டாம் வாரத்திலேயே, மருத்துவர் எடைக்கேற்பக் கூறும் அளவில், குடற்புழு நீக்கம் செய்தல் வேண்டும்.

மண் தின்னும் கன்றுக்கு வாய்க்கூடு கட்டுவது வழக்கம். அது மண்ணைத் தடுக்கும்; மண் தின்னத் தூண்டிய குறையைத் தீர்க்காது. தாது உப்புக் கட்டி, இளம் புல், தூய நீர், புழு நீக்கம், பேன் ஒழிப்பு ஆகியவை உடன் வேண்டும். கயிறு, சாக்கு, பிளாஸ்டிக் ஆகியன கன்றின் வாய்க்கு எட்டாதிருத்தல் நலம். அவசர நிலையில் 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் வசதி தமிழகத்தில் உள்ளது.

முடிவுரை

மலக்கட்டு என்னும் சொல்லின் கீழ் ஐந்து வகை நிலைகளை இக்கட்டுரை பகுத்துக் காட்டியது. அவற்றுள் முதல் மலம் தங்குதல் எளிய முறையில் தீர்வது; புழுத்திரள் காலத்தே மருந்திட்டால் தவிர்க்கக்கூடியது; வயிற்றுத் தேக்கம் அதன் பொருளுக்கும் அளவுக்கும் ஏற்ப மருத்துவம் வேண்டுவது; பிறவிக் குறை, குடல் செருகல், முறுக்கம் ஆகியவை அறுவையன்றித் தீராதவை. மருந்தைத் தேர்வதற்கு முன் இடத்தையும் காரணத்தையும் அறிதல் என்னும் வரிசை மாறும்போது, நல்ல மருந்தும் தீங்காகிறது.

கால்நடை மருத்துவ அறிவைத் தமிழில் வழங்குவோர், நோயறிகுறிக்கும் நோய்க்கும் தனித்தனிச் சொற்களைப் பயன்படுத்துவது இதற்குத் துணைசெய்யும். குடல் செருகல், முதல் மலம் தங்குதல், பிறவி அடைப்பு ஆகிய சொற்கள் உழவரின் பேச்சில் இடம்பெறுமாயின், ‘மலக்கட்டு’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நிலை மாறும். கன்றின் வயது, வந்த சாணத்தின் நிறம், உப்பிய பக்கம், வலி தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் சொல்லி மருத்துவரை அழைக்கும் நிலை உருவாகும்.